என் ஜாதகத்தில் பூமி யோகம்

தாமான் என்று நாங்கள் சொல்லுகிற எங்கள் குடியிருப்பில் இப்போது சாயந்தரமானால் ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வீடு வாங்குவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் இன்னொரு வீடு. வரிக் கணக்குப் பார்க்கிற ஆளை எப்போது வைத்துக்கொள்வது என்பதுதான் போன வாரத்துப் பேச்சு. வாங்கின பிறகு போதும் என்றார் ஒருவர். இரண்டாவது வீட்டுக்குத்தான் தேவைப்படும் என்றார் இன்னொருவர். வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், அதுதான் புத்திசாலித்தனம் என்று மூன்றாமவர் அடித்துச் சொன்னார். அவர் சொன்னது சரி. அது சரி என்று எனக்கு ஜப்பான்காரன் காலத்திலேயே தெரியும். கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

எனக்குக் கல்யாணம் பேசிய சமயத்தில் ஜோசியக்காரர் என் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு பூமி யோகம் அமோகமா இருக்கு. இவ பேர்ல மண்ணு வாங்கினா அது பெருகிக்கிட்டே போவும்" என்று சொன்னாராம். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் என் மாமனார் சீர் போதாது என்று முணுமுணுக்காமல் என்னை மருமகளாக எடுத்தார். எனக்கு அப்போது அது தெரியாது. நான் தோட்டத்துப் பெண். கண் மூக்கு லட்சணமாக இருக்கிறேன், அதற்காகத்தான் டவுன் மளிகைக் கடைக்காரர் வீட்டில் எடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலாயாவின் கெடாவில், கித்தா என்கிற ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே, சடக்கு என்கிற பெரிய ரோட்டை ஒட்டி இருந்த சின்ன டவுன் அது. கீழே கடை, மேலே வீடு. தஞ்சோங் டாவாயிலிருந்து கருவாடும் பெண்டாங் பக்கத்திலிருந்து அரிசியும் வரும். சுற்றியிருந்த தோட்டங்களின் லயத்து வரிசைவீட்டுச் சனங்கள் எல்லாம் எங்கள் கடையில்தான் சாமான் வாங்குவார்கள். கல்யாணமாகி வீடு பழகுவதற்குள் ஜித்ரா பக்கம் குண்டு விழுகிறது என்றார்கள். அப்புறம் வெள்ளைக்காரத் துரைகள் காரில் ஏறித் தெற்கே ஓடினார்கள். அதற்கப்புறம் ஜப்பான்காரன் சைக்கிளில் வந்தான்.

கித்தாவை வாங்க ஆளில்லை. சம்பளம் நின்றது. சனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளினார்கள். அந்தக் காலத்தில் இளைக்காமல் இருந்தவர்களில் என் மாமனாரும் ஒருவர். சண்டை வருகிறது என்று தெரிந்ததும் அவர் முதலில் செய்த காரியம், கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அரிசி மூட்டைகளை அடுக்கி, வெளியே விறகைக் குவித்து மறைத்ததுதான். அதில் நான் குற்றம் சொல்லமாட்டேன். குடும்பம் பிழைக்க வேண்டும். அந்த அரிசியை வைத்துக்கொண்டு அப்புறம் செய்தாரே, அதைத்தான் சொல்ல வந்தேன்.

வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டை அவர் நம்பவில்லை. நோட்டு கைக்கு வந்தால் அன்றைக்கே அதைத் தள்ளிவிட்டு வேறு எதையாவது பிடித்துவிட வேண்டும் என்பார். அவர் பிடித்தது மண்ணை. தோட்டங்களுக்கு இடையில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று சின்னச் சின்னத் துண்டுகள் இருந்தன. காலமெல்லாம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி மாட்டுவண்டிக்காரனும், கூலிகளை மேய்க்கிற மண்டோரும் வாங்கிப் போட்ட துண்டுகள். இப்போது அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மாமனாரிடம் வந்தார்கள். பாதி நோட்டு, பாதி அரிசி என்று பேரம் நடக்கும். நோட்டை அவர்கள் எண்ணிப் பார்க்கக்கூட மாட்டார்கள். அரிசி மூட்டையைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள்.

"நான் என்ன கழுத்துல கத்தியா வச்சேன்? அவனா வந்தான், அவனா குடுத்தான்" என்பார் மாமனார். இதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லுவார். கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

வாங்கின துண்டு எல்லாம் என் பெயரில். ஜோசியக்காரர் சொல்லிவிட்டார் அல்லவா? எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். ராசியான கையால் கடையில் முதல் போணி, ராசியான கால் வைத்துப் புதுவீடு புகுவது, ராசியான பெயரில் நிலம். நிலம் எழுதுகிற அன்றைக்கு என்னை விடியற்காலையில் தலை முழுகச் சொல்லுவார்கள். ஈரக் கூந்தலோடு கிழக்குப் பார்த்து நிற்பேன். கிராண்டு என்று நாங்கள் சொல்லுகிற நிலப் பத்திரத்தைப் பித்தளைத் தட்டில் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து என் கையில் கொடுப்பார்கள். நான் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். மற்ற நாளில் வீட்டு ஆண்கள் சாப்பிட்டு, மாமியார் சாப்பிட்டு, மிச்சம் இருந்தால் எனக்கு. அன்றைக்கு மட்டும் முதல் இலை எனக்கு. சொல்லவே கூசுகிறது, முதல் இரண்டு தடவை எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் டவுனில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் நில ஆபீசில் குமாஸ்தாவாக வரிக் கணக்குப் பார்த்தவர். சண்டையில் வேலை போய், பெரிய குடும்பத்தை வைத்துக்கொண்டு, யாருக்காவது பத்திரம் எழுதிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். உடுப்பு கிழிந்திருந்தாலும் சட்டைப் பொத்தானை மேலே வரைக்கும் போட்டிருப்பார். ஒரு நாள் அவர் தேங்காய் எண்ணெய் வாங்கக் கடைக்கு வந்தபோது, மஞ்சள் தடவின தட்டு ஒன்று மாடியிலிருந்து இறங்கியது.

"முதலாளி, காணி வாங்க முந்தி ஒருக்கா என்னட்டைக் காட்டலாமே" என்றார். "பழைய வரிப் பாக்கி இருக்கோ, ஒரு ஆளின்ர பேரில எவ்வளவு போடலாம் எண்டெல்லாம் பாக்கோணும். பிறகு வந்தால் நான் செய்யக்கூடியது கொஞ்சம்தான்."

"நோவு வந்தாத்தானே ஐயா டாக்டர் வூட்டுக்குப் போவாங்க? நல்லா இருக்கறவன் போயி படுத்துக்குவானா?" என்றார் மாமனார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிராணி எண்ணெயை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ஜோசியக்காரருக்கு ஒரு படி அரிசி போனது. எலுமிச்சம்பழத்துக்குச் செலவு செய்ய மனம் வருகிறது, கணக்குத் தெரிந்த மனிதனுக்கு ஒரு படி கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் கிராணிக்காக நான் இங்கே பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவரைப் பற்றியும் சொல்ல இருக்கிறது.

நிலத்தை விற்க வந்தவர்கள் வரிசையில் ஒரு நாள் அக்கா வந்து நின்றாள்.

கூடப்பிறந்த அக்கா இல்லை. நான் பிறந்த தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த லயத்து வீடு. என் அம்மா விடியற்காலையில் பால் வெட்டப் போகும்போது அவள்தான் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அவள் தலை பின்னக் கற்றுக்கொண்டதே என் தலையை வைத்துத்தான். அவளைக் கட்டினவர் மாட்டுவண்டி ஓட்டினார். குருவி சேர்ப்பதுபோல் சேர்த்து, இரண்டு ஏக்கர் வாங்கி, அதை அவள் பெயரிலேயே எழுதி, ஓரத்தில் ஒரு அத்தாப்பு ஓலை வீடும் போட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்க வந்தபோது அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. இருக்கிறாரா, செத்தாரா என்று தெரியாமல் அக்கா தினமும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள். இரண்டுக்கும் காலில் புண்.

அவளுடைய துண்டுக்கு என் மாமனார் கொடுத்தது ஒரு மூட்டை அரிசி, ஒரு கட்டுக் கருவாடு, கொஞ்சம் நோட்டு. "நீ எங்கயும் போவ வேணாம், ஆயி. நீயே அங்க இருந்துக்க. சும்மா பேருதானே மாறுது" என்றார். அன்றைக்கும் நான் தலை முழுகினேன். அன்றைக்கும் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அக்கா கைநாட்டு வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஒம்பேர்லதானே இருக்கு தங்கச்சி, எங்க போயிடப் போவுது" என்றாள். அன்றைக்கும் முதல் இலை எனக்குத்தான்.

கொஞ்ச நாள் கழித்து, ஜப்பான்காரன் கெடாவைச் சயாம்காரன் கையில் கொடுத்துவிட்டான் என்றார்கள். கொடி மாறியது. ஆபீசில் அதே மலாய் கிராணிகள்தான். ஆனால் ஆட்சி கை மாறினால் பழைய கணக்கையெல்லாம் தூசி தட்டி எடுப்பார்கள் போலிருக்கிறது. ஒரு நாள் என் பெயருக்கு ஒரு காகிதம் வந்தது. என் ஆயுளில் என் பெயருக்கு வந்த முதல் கடிதாசி அதுதான். மலாயை எழுதுகிற ஜாவி எழுத்தில் இருந்ததால் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. நோவு வந்துவிட்டது. டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடியது.

கிராணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். இரண்டு விஷயம் இருந்தது. முதலாவது, வாங்கின துண்டுகளில் முக்கால்வாசிக்குச் சண்டை தொடங்கின நாளிலிருந்து யாரும் நில வரி கட்டியிருக்கவில்லை. இரண்டாவது, ஒரே ஆள் பெயரில் இத்தனை ஏக்கருக்கு மேல் இருந்தால் அவர் பெரிய நிலக்காரர், அவருக்குத் தனி வரி என்று ஒரு பழைய உத்தரவு. அந்தக் கணக்குப்படி, கைச்செலவுக்குக் காசு கேட்டால் திட்டு வாங்குகிற நான் அந்த வட்டாரத்தில் பெரிய நிலக்காரி.

"கட்டலேன்னா?" என்றார் மாமனார்.

"காணியை எடுப்பாங்கள். காணிக்காரியைக் கூப்பிட்டு விசாரிப்பாங்கள். உள்ளுக்க வைச்சாலும் வைப்பாங்கள்."

மாமனார் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சொன்னார்: "பொம்பளைய என்னா செஞ்சிடப் போறான்? உள்ள வச்சாலும் ரெண்டு நாள்ல வுட்டுருவான். அதுக்குள்ள எதாச்சும் பேசிப் பாக்கலாம்."

நான் நின்றுகொண்டிருந்தது அவருக்கு மூன்றடி தள்ளி. என் புருஷன் தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்த தட்டு. அதையே துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துணியையும், அந்தக் குனிந்த தலையையும் இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவரோடு அப்புறம் ஒரு வாழ்க்கை வாழ்ந்து பிள்ளைகளும் பெற்றேன். அருவருப்பு போகவில்லை.

கிராணிதான் முகத்தைச் சுளித்தார். "உள்ளுக்க வைச்சா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ முதலாளி? அந்தக் கதையை விடுங்கோ." பிறகு வழி சொன்னார். பழைய பாக்கியைக் கட்டிவிட்டு, என் பெயரில் இருப்பதை நாலைந்து பேருக்குப் பிரித்து எழுதிவிட்டால் தனி வரி வராது. என் புருஷன், மாமியார், கொழுந்தன், கொழுந்தன் பெண்டாட்டி என்று பிரிக்கலாம். "முதல்லயே வந்திருந்தா, வாங்கேக்கையே பிரிச்சுப் போட்டிருக்கலாம். இப்ப ஒவ்வொண்டுக்கும் திரும்பச் செலவு."

"பாக்கிய நா என்னாத்துக்குக் கட்டணும்? அவுங்க வச்ச பாக்கி."

"காணியை வாங்கினா பாக்கியும் சேர்த்துத்தான் வாங்கினனீங்கள்."

மாமனாருக்குப் பணம் இல்லாமல் இல்லை. கொடுக்க மனம் இல்லை. மறுநாளே என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, நிலத்தை விற்றவர்கள் வீடுவீடாகப் போனார். அவர்கள் வைத்த பாக்கியை அவர்களிடமே வசூலிக்க. நான் எதற்கு என்று கேட்டேன். "நிலக்காரி நீதானே? நீ வந்து நின்னாத்தான் பயப்படுவாங்க" என்றார்.

பசியில் வயிறு ஊதின பிள்ளைகளுக்கு நடுவே நான் போய் நின்றேன். ஒரு வீட்டில் வெங்கலப் பானை எடுத்தார். இன்னொரு வீட்டில் ஒன்றுமே இல்லாததால், கூரையில் செருகியிருந்த நல்ல பாராங்கத்தியை எடுத்தார். கடைசியாக அக்கா வீடு. அவள் மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"மொதலாளியம்மா வந்துருக்கு" என்றார் மாமனார். என்னைக் காட்டித்தான் சொன்னார். அக்கா கிழங்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் எனக்கு முன்னால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மாமா, இங்க வேணாம், வாங்க போவலாம்" என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு கோழி மேய்ந்தது. பிள்ளைகளுக்கு முட்டைக்கு என்று அவள் வைத்திருந்தது. பிடித்து, காலைக் கட்டி, வண்டியில் உட்கார்ந்திருந்த என் மடியில் போட்டார். சின்னது அழுதது. அக்கா அதன் வாயைப் பொத்தினாள். வழியெல்லாம் அந்தக் கோழிகளின் சூடு என் மடியில் இருந்தது. ஒன்றை அன்றைக்கே குழம்பு வைக்கச் சொன்னார்கள். நான்தான் வைத்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள், எலும்பைக் கடித்துச் சாப்பிட்டார்கள். நான் கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். மாமியார் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "விசேஷமா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் மாமனார் அரிசி விஷயமாகப் பெண்டாங் போயிருந்தபோது, கிராணி என் கையெழுத்துக்காகக் காகிதங்களோடு வந்தார். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், கையெழுத்துப் போடுவேன். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டேன்.

"ஐயா, இந்த நெலமெல்லாம் யாருது?"

"உங்கட பேரில இருக்குது பிள்ளை. உங்கடதான்."

"மாமாவுது இல்லியா?"

"சட்டத்துக்கு உங்கட மாமாவைத் தெரியாது."

அதைச் சொல்லிவிட்டு அவர் சாதாரணமாக அடுத்த காகிதத்தைப் புரட்டினார். அக்காவின் துண்டை அவளுக்கே திருப்பி எழுத முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். "ஆனா பாக்கியோட குடுத்தால் அவவின்ர தலையில கல்லை வைச்ச மாதிரி. முதல்ல அதைக் கட்டித் தீர்க்கோணும். இப்பவே என்னட்டைக் கேட்டது நல்லது. குடுத்துப்போட்டுப் பிறகு கேட்டிருந்தா ஒண்டும் செய்யேலாது."

என் அம்மா போட்டு அனுப்பிய இரண்டு வளையல்களைத்தான் நான் எப்போதும் போட்டிருந்தேன். இரண்டையும் கழற்றினேன். சோப்பு போடாமலே கழன்று வந்தது, அவ்வளவு இளைத்திருந்தேன். ஒன்று பாக்கிக்கும் அபராதத்துக்கும். இன்னொன்று பத்திரச் செலவுக்கும் அவர் கூலிக்கும். கிராணி அவற்றை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். இவ்வளவும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடியில் முடிந்துகொண்டார். வளையல் எங்கே என்று வீட்டில் கேட்டபோது, களவு போய்விடும் என்று கழற்றி வைத்திருக்கிறேன் என்றேன். அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள்.

எழுதுகிற நாளில் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஆபீசுக்குப் போனோம். மாமனார், கிராணி, நான். அக்காவின் கைநாட்டைக் கிராணி முன்பே போய் வாங்கி வைத்திருந்தார். மலாய் அதிகாரி வயதானவர், களைத்த முகம். ஒவ்வொரு கிராண்டாக எடுத்து, என்னைப் பார்த்து, "இனி தானா சியாப்பா பூஞா?" என்று கேட்டார். இது யாருடைய நிலம் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும் போல. நான் "சாயா பூஞா" என்று சொல்ல வேண்டும். என்னுடையது. சொல்லிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பின்னால் பெஞ்சில் மாமனார் வெற்றிலையை மென்றுகொண்டு, நான் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் தலையை ஆட்டினார், பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்த்து ஆட்டுவதுபோல.

அக்காவின் துண்டு வந்தது. "இனி தானா சியாப்பா பூஞா?"

"சாயா பூஞா" என்றேன். அந்த ஒன்றை மட்டும் நானாகச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். ஜாவி எழுத்தில் இருந்ததால் மாமனாருக்கு எது எவருக்குப் போகிறது என்று தெரியவில்லை. தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் கிராணியே அவரிடம் சொல்லிவிட்டார். ஒளித்து வைக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. "காணிக்காரி சொன்னா, நான் எழுதினன்" என்றார். மாமனார் என்னை அடிக்கவில்லை. நடுச் சடக்கில் வெற்றிலையைத் துப்பினார். என் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. "அவ்வளவு நெலம் ஒம்பேர்ல வச்சேன், எனக்கே குழி தோண்டுறியா?" என்றார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

வீட்டில் ஜோசியக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் அதே ஜாதகத்தை விரித்து வைத்து, அந்தத் திசை முடிந்துவிட்டது, இனிமேல் இந்தப் பெண்ணுக்குப் பூமி ஆகாது என்றார். கொழுந்தன் பெண்டாட்டியின் ஜாதகத்தில் இப்போது யோகம் தொடங்கியிருக்கிறதாம். அதற்கும் ஒரு படி அரிசி. என் புருஷன் என்னிடம், "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டார். எதற்கு, தராசு துடைக்கவா என்று கேட்டேன். அதற்கப்புறம் எனக்கு எந்த நாளிலும் முதல் இலை கிடையாது. அரிசி அறையின் சாவி மாமனார் இடுப்பிலேயே தொங்கியது.

நிலம் அக்காவுக்குத் திரும்பிவிட்டது. சரி, நிலத்தைத் தின்ன முடியுமா? கித்தாவை வாங்க ஆளில்லை. கிழங்கைப் பாதி பன்றி தோண்டித் தின்றது. நான் முந்தானையில் முடிந்து அனுப்பின கைப்பிடி அரிசி எத்தனை நாளைக்கு? பிறகு அதற்கும் வழி இல்லாமல் போனது. சின்னதற்குக் காய்ச்சல் வந்து விட்டுவிட்டு அடித்தது. கொய்னா மாத்திரை வேண்டும். அது எங்கள் கடையில் இருந்தது, அரிசிக்குப் பக்கத்தில், பூட்டுக்குள்.

அக்கா மறுபடி கடை வாசலில் வந்து நின்றபோது, மாமனார் கோபிக்கவே இல்லை. உட்காரச் சொன்னார். "மொதல்ல கிராணி ஐயாவக் கூட்டிக்கிட்டு வா" என்று ஆள் அனுப்பினார். மனுஷன் பாடம் படித்துவிட்டார். கிராணி வந்தார், ஆபீசுக்குப் போய்ப் பார்த்தார், கொழுந்தன் பெண்டாட்டி பெயரில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது, இதைச் சேர்த்தால் தனி வரி வருமா என்று கணக்குப் போட்டார். வராது என்றார். ஆள் குடியிருக்கிற காணியாக வாங்கவேண்டாம், காலி செய்து தருவதாக எழுதி வாங்குங்கள் என்று அதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. இந்தத் தடவை எலுமிச்சம்பழத்தோடு கிராணிக்கும் சாப்பாடு.

பரிமாறினது நான். வெள்ளைச் சோறு, கருவாட்டுக் குழம்பு. கிராணி வெகு நாளாக அப்படிச் சாப்பிட்டிருக்கமாட்டார், அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். பாவம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"உங்கட மாமா இந்த முறை சரியான நேரத்தில கூப்பிட்டவர் பிள்ளை" என்றார் என்னைப் பார்த்து, மெய்யாகவே சந்தோஷமாக. "கைநாட்டு வைக்க முந்தியே கூப்பிட்டவர். வரிப் பாக்கி ஒரு சதம் இல்லை. சுத்தமான காணி. இப்பிடித்தான் வாங்கோணும்."

பாக்கி ஏன் இல்லை என்று அவருக்குத் தெரியும். என் அம்மாவின் வளையலைத் தூக்கிப் பார்த்த அதே கையால்தான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அது அவருக்கு நினைவுக்கு வந்ததா, வந்தும் ஒன்றும் தோன்றவில்லையா, தெரியாது. வேலையைச் சரியாகச் செய்த மனிதனுடைய நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

"ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார் மாமனார். போட்டேன்.

பிறகு கீழே போனேன். அக்கா கொய்னாப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போன தடவை முழு மூட்டை, இந்தத் தடவை அரை மூட்டை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, வெறுங்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"அந்த வளையலாச்சும் ஒங்கையில கெடந்திருக்கும், தங்கச்சி" என்றாள்.

மூட்டையைத் தலைக்குத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டேன்.